நீல மலையும் நாங்கள் குடிக்கிற தண்ணியும்

சிட்னியில் இருக்கிற எங்கட சனத்துக்கு ஊரிலிருந்தோ கனடாவிலிருந்தோ ஆர் வந்தாலும் கூட்டிக்கொண்டு போகிறதுக்கு மூன்று இடம் இருக்கு. முதலாவது ஒப்பரா ஹவுஸ். இரண்டாவது ஹெலன்ஸ்பேர்க் வெங்கடேஸ்வரர் கோயில், கும்பிட்டு முடிய அப்படியே வொலங்கொங் கடற்கரை. மூன்றாவது புளூ மவுண்டன்ஸ். வெள்ளாப்பிலேயே எழும்பிப் புளிச்சாதம் கட்டி, மட்டன் றோல்ஸை எஸ்கிப் பெட்டியில் அடுக்கி, தேத்தண்ணிப் பிளாஸ்க்கையும் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டால் பத்து மணிக்கு எக்கோ பொயின்றில் நிற்கலாம். மூன்று சகோதரிகள் பாறைக்கு முன்னால் ஒரு குடும்பப் படம். பிறகு சீனிக் வேர்ல்டில் அந்தச் செங்குத்து ரயில். பின்னேரம் மலையிறங்கி வீடு.

நானும் அப்படித்தான் போறனான். ரெஸ்ரோரன்ற் குசினியில் வேலை, சனி ஞாயிறு லீவு கிடையாது. எனக்குக் கிடைக்கிறது திங்கட்கிழமை. ஆகவே பள்ளிக்கூட விடுமுறையில் வருகிற திங்கட்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓபல் கார்ட்டோடு ரயிலில் போவோம். கார் ஓட்டத் தேவையில்லாததால் வெளியே பார்த்துக்கொண்டு போகலாம். ஸ்ரேசன் பெயர்களை வாசிக்கலாம். இந்தக் கட்டுரை அந்த ஸ்ரேசன் பெயர்களில்தான் தொடங்குகிறது.

ஊரில் வரலாறு படிக்கத் தொடங்கி, 2006 ஆவணியில் ஏ-9 பாதை பூட்டுப்பட்டதோடு கம்பஸ் படிப்பும் அரைவாசியில் நின்றது. பட்டம் கிடைக்கவில்லை. பெயரைக் கண்டால் அது எங்கேயிருந்து வந்தது என்று தேடுகிற பழக்கம் மட்டும் போகவில்லை.

நாங்கள் வாழ்கிற மாநிலத்தின் பெயரே ஒரு வினோதம். நியூ சவுத் வேல்ஸ். 1770இல் கிழக்குக் கரையோரமாகக் கப்பலோட்டிப் போன கப்டன் குக், தன் நாட்டுக்குப் பக்கத்தில் இருந்த வேல்ஸின் பெயரை இந்தக் கரைக்கு வைத்துவிட்டுப் போனார். 1788இல் முதலாவது ஆளுநராக வந்த ஆர்தர் பிலிப், மேற்கே தூரத்தில் தெரிந்த மலைத்தொடரின் வடபகுதிக்குக் கார்மார்தன் குன்றுகள் என்றும் தென்பகுதிக்கு லான்ஸ்டவுன் குன்றுகள் என்றும் பெயர் வைத்தார். கார்மார்தன் என்பது வேல்ஸில் உள்ள ஓர் ஊர். அந்த ஊரின் பெயரைப் பட்டமாகச் சுமந்த ஒரு பிரபு அப்போது இங்கிலாந்தில் அமைச்சராக இருந்தார். மலையில் ஒருவரும் கால் வைக்க முன்னமே பெயர் ஏறிவிட்டது. அந்தப் பெயர்கள் நிலைக்கவில்லை. கண்ணுக்குத் தெரிந்த நிறத்தைப் பார்த்துச் சனம் நீல மலை என்றது, அது நின்றுவிட்டது. யூக்கலிப்டஸ் இலைகளிலிருந்து வருகிற எண்ணெய் ஆவி காற்றில் கலந்து வெளிச்சத்தைச் சிதறடிப்பதால்தான் அந்த நீலம் என்று சொல்லுவார்கள்.

ஒருவரும் கால் வைக்க முன்னம் என்று சொன்னேன். வந்தவர்களைப் பற்றித்தான் சொன்னேன். குண்டுங்குரா, தாருக் மக்கள் அங்கே ஆயிரக்கணக்கான வருஷங்களாக வாழ்ந்துகொண்டுதான் இருந்தார்கள்.

ரயில் பென்ரித் தாண்டி நேப்பியன் ஆற்றைக் கடந்து மலையேறத் தொடங்க, பிளாக்ஸ்லண்ட், லோசன், வென்ற்வேர்த் ஃபோல்ஸ் என்று ஸ்ரேசன்கள் வரும். மூன்றும் மூன்று மனிதரின் பெயர். கிரகரி பிளாக்ஸ்லண்ட், வில்லியம் லோசன், வில்லியம் சார்ள்ஸ் வென்ற்வேர்த் மூவரும் 1813 மே மாதத்தில் நான்கு வேலையாட்கள், நான்கு குதிரைகள், ஐந்து நாய்களோடு மூன்று கிழமை நடந்து இந்த மலையின் மறுபக்கம் தெரிகிற இடம்வரை போனார்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இது "மலையைக் கடந்த" கதை. இந்த மலைக்குக் குறுக்கே பழைய நடைபாதைகள் இருந்தன, மக்கள் காலங்காலமாகக் கடந்துகொண்டிருந்தார்கள் என்பதை இப்போது புத்தகங்களும் சொல்லத் தொடங்கியிருக்கின்றன. எங்கட ஆக்கள் நிறையப் பேர் இருக்கிற வென்ற்வேர்த்வில்லுக்கும் பெயர் அந்தக் குடும்பத்தால் வந்ததுதான். அங்கே அவர்களுக்குக் காணி இருந்தது. எங்கட தமிழ்க்கடை வாசலில் நின்று வெற்றிலையும் முருங்கைக்காயும் வாங்குகிறபோது நாங்கள் உச்சரிக்கிறது இந்த மலையேறியின் குடும்பப் பெயரை.

அடுத்த வருஷம், 1814 ஆடியில், ஆளுநர் மக்குவாரி ஒரு தெருப் போடச் சொன்னார். வில்லியம் கொக்ஸ் என்பவர் முப்பது கைதிகளை வைத்துக்கொண்டு ஆறே மாதத்தில் 101 மைல் தெரு வெட்டி முடித்தார். மண்வெட்டியும் கோடாலியும் கொஞ்ச வெடிமருந்தும்தான் கருவி. கூலி, விடுதலை. 1815இல் மக்குவாரி அதே தெருவால் போய் பதேர்ஸ்ற் நகரத்துக்கு இடம் குறித்தார். அந்தத் தெருவால் ஆட்டு மந்தைகளும் குடியேற்றக்காரரும் போனார்கள். அங்கே இருந்த விராஜுரி மக்களின் நிலம் போனது. சண்டை மூண்டது. 1824 ஆவணியில் ஆளுநர் பிறிஸ்பேன் இராணுவச் சட்டம் பிறப்பித்தார், அது மார்கழிவரை இருந்தது. எத்தனையோ பேர் செத்தார்கள். அந்த வருஷக் கடைசியில் விராஜுரித் தலைவன் வின்ட்ராடைன் தன் சனத்தோடு மலையைக் கடந்து, ஆளுநரின் விருந்து நடந்த பரமட்டாவுக்கு நடந்தே வந்தான். பரமட்டா ஆற்றங்கரையில் நாங்கள் பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டுக் கதைத்துக்கொண்டு இருக்கிறோமே, அந்தப் பரமட்டாதான்.

1860களின் கடைசியில் மலைக்கு மேல் ரயில் வந்தது. இப்போது கட்டூம்பா என்கிற ஊருக்கு ரயில்காரர் முதலில் வைத்த பெயர் "தி கிரஷர்ஸ்". தண்டவாளத்துக்குக் கீழே போடுகிற கல்லை அங்கே உடைத்தார்கள், அதனால் அந்தப் பெயர். 1877இல்தான் கட்டூம்பா ஆனது. கெடும்பா என்கிற பழங்குடிச் சொல்லிலிருந்து வந்தது, பளபளவென்று விழுகிற தண்ணீர் என்று அதற்குப் பொருள் சொல்லுவார்கள். ரயிலோடு ஹொட்டேல்கள் வந்தன. 1882இல் கட்டின பெரிய ஹொட்டேல் ஒன்று கரிங்டன் என்ற பெயரில் இன்றும் கட்டூம்பா ஸ்ரேசனுக்கு முன்னால் நிற்கிறது. சிட்னி வெக்கைக்குத் தப்பி வசதியான சனம் மலைக்கு வந்தது, எங்கட நாட்டில் வெள்ளைக்காரத் துரைமார் கொழும்பு வெக்கைக்குத் தப்பி நுவரெலியாவுக்குப் போன மாதிரி.

சீனிக் வேர்ல்ட் ரயிலில் பிள்ளைகள் கத்துகிற கத்தல் உங்களுக்குத் தெரியும். 52 பாகை சரிவு. உலகத்திலேயே மிகச் செங்குத்தான பயணிகள் ரயில் என்று விளம்பரம் செய்கிறார்கள். அது பயணிகளுக்காகப் போட்ட பாதை அல்ல. 1870களின் கடைசியில் ஜோன் பிறிற்றி நோர்த் என்பவர் தொடங்கின நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து கரியை மேலே இழுக்கப் போட்ட தண்டவாளம். 1930களில் கரிக்கு மவுசு குறைய, வார இறுதியில் ஆக்களையும் காசுக்கு ஏற்றத் தொடங்கினார்கள். 1945இல் சுரங்கம் மூடப்பட, ஹரி ஹமன் என்பவர் அதை வாங்கி முழுதாகச் சுற்றுலாவாக மாற்றினார். 1958இல் பள்ளத்துக்கு மேலால் போகிற கேபிள் பெட்டியும் வந்தது. கீழே இறங்கினால் இப்போதும் சுரங்க வாயையும் பழைய பெட்டிகளையும் பார்க்கலாம். அந்தச் சரிவில் கரி ஏற்றி இறக்கினவர்களை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கச் சொல்லி என் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறனான்.

இனி மூன்று சகோதரிகள் கதை. எல்லா வழிகாட்டியும் சொல்லுகிற கதை: மீனி, விம்லா, குன்னடூ என்று மூன்று பெட்டைகள், வேறு குலத்துப் பெடியள் மூன்று பேரை விரும்பினார்கள், சண்டை வந்தது, காப்பாற்றுவதற்காக ஒரு மந்திரக்காரன் அவர்களைக் கல்லாக்கினான், திருப்பி மாற்ற முதல் அவன் செத்துப்போனான். பழங்குடி மக்களின் ஐதீகம் என்று பலகையிலும் எழுதுவார்கள். ஆனால் ஆய்வு செய்தவர்கள் இந்தக் கதையின் வேரைத் தேடிப் போய், 1930களில் ஒரு பள்ளிக்கூட மாணவி எழுதின கதையில் போய் நிற்கிறார்கள். குண்டுங்குரா மக்களின் பழைய கதை வேறு. பாதி மீனும் பாதி ஊர்வனவுமான குரங்காச் என்கிற பெரிய பிராணியை மிரகன் என்கிற காட்டுப்பூனை வேட்டைக்காரன் துரத்துகிறான். அது நிலத்தைக் கிழித்துக்கொண்டு ஓட ஓட, அந்தக் கிழிசல்கள்தான் வொலண்டிலி ஆறும் கொக்ஸ் ஆறும் ஆனது. நில அளவையாளராக இருந்த ஆர். எச். மாத்யூஸ் நூறு வருஷத்துக்கு முன்னமே இதைக் கேட்டு எழுதி வைத்திருக்கிறார். இந்தக் கதையில் ஒவ்வொரு குளமும் ஒவ்வொரு வளைவும் பெயரோடு வருகிறது. கதை என்பதைவிட அது ஒரு காணி உறுதி மாதிரி.

அந்தக் காணிக்கு என்ன நடந்தது என்பதுதான் நான் சொல்ல வந்த விசயம்.

எங்கட குசினியில் முன்னர் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் கோப்பை கழுவுகிற வேலை செய்தவர். கட்டூம்பாவிலிருந்து ரயிலில் வந்து போறவர். நான் மலைக்குப் போய்வந்த படத்தைக் காட்ட, "கல்லிக்குப் போனனீயா?" என்று கேட்டார். அப்படி ஒரு இடத்தின் பெயரை அதுவரை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.

கல்லி என்றால் ஓடைப்பள்ளம். கட்டூம்பா நகரத்துக்கும் சீனிக் வேர்ல்டுக்கும் நடுவில் இருக்கிறது. நாங்கள் எல்லாரும் அதன் ஓரத்தால் எத்தனையோ தரம் போயிருப்போம். குடியேற்றக்காரர் கீழே உள்ள பள்ளத்தாக்குகளைப் பிடிக்கப் பிடிக்க, மேலேறி வந்த குண்டுங்குரா, தாருக் குடும்பங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து அந்த ஓடைக்கரையில் சிறு வீடுகள் கட்டி வாழ்ந்தார்கள். வசதியில்லாத சில வெள்ளைக்காரக் குடும்பங்களும் அவர்களோடு கலந்து இருந்தன. ஒரு சின்னத் தேவாலயமும் இருந்தது. மலைக்கு உல்லாசத்துக்கு வந்தவர்களின் விடுதிகளில் வீட்டுவேலை, சலவை வேலை செய்தவர்களில் இந்தப் பெண்களும் இருந்தார்கள். விருந்தாளி சாப்பிட்ட கோப்பை கழுவுகிற எனக்கு இந்த வரி லேசாகக் கடந்து போகிற வரியாக இல்லை.

1957இல் அந்தக் குடும்பங்களை எழுப்பினார்கள். எதுக்கு? கார் ஓட்டப்பந்தயத் திடல் கட்டுவதற்கு. உல்லாசப் பயணிகளை இழுக்க இன்னொரு வேடிக்கை வேண்டுமென்று உள்ளூர் வியாபாரிகள் சிலர் நினைத்தார்கள், நகரசபையும் சேர்ந்தது. வீடுகளை புல்டோசர் இடித்தது. பாறையை உடைத்து ஓடையைச் சுற்றி இரண்டு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூடத் தார் போட்டார்கள். பக்கத்துக் குளத்தில் முன்னர் ஒரு கற்றலீனா வகை ஆகாயக் கப்பலை வேடிக்கைக்கு நிறுத்தி வைத்திருந்ததால் திடலுக்கும் கற்றலீனா என்றே பெயர். 1961இல் பந்தயம் தொடங்கியது. மலைப்பனியில் கார் ஓட்டுகிறவனுக்குப் பாதை தெரியாமல் பந்தயம் அடிக்கடி குழம்பியது. கொஞ்ச வருஷத்தில் பெரிய பந்தயங்கள் நின்றுபோயின. குடும்பங்கள் நாலாபக்கமும் சிதறினது சிதறினதுதான். 2002இல் அரசாங்கம் அந்த இடத்தைப் பழங்குடி மக்களின் இடமாகச் சட்டப்படி அறிவித்தது. இப்போது போனால் உடைந்த தார்ப்பாதைக்கு நடுவில் புல் முளைத்திருக்கும். தகவல் பலகைகள் இருக்கும். காசு கட்டத் தேவையில்லை. கூட்டமும் இருக்காது.

இதே காலத்தில் கீழேயும் ஒன்று நடந்தது. கொக்ஸ் ஆறும் வொலண்டிலி ஆறும் சேருகிற புரகொராங் பள்ளத்தாக்கு குண்டுங்குரா மக்களின் நடு வீடு. பிறகு வெள்ளைக்கார விவசாயிகளும் அங்கே பரம்பரையாகத் தோட்டம் செய்தார்கள். விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு விடுதிகளும் இருந்தன, அதுவும் ஒரு காலத்தில் உல்லாச இடம்தான். 1948இல் தொடங்கி 1960இல் கட்டி முடித்த வரகம்பா அணை அந்தப் பள்ளத்தாக்கை மூடியது. 142 மீற்றர் உயர அணை, 2000 பில்லியன் லீற்றருக்கு மேல் தண்ணீர். சிட்னிக்குத் தேவையான தண்ணீரில் ஏறத்தாழ எண்பது வீதம் அங்கேயிருந்து வருகிறது. குரங்காச் கிழித்துக்கொண்டு ஓடின தடத்தின் பெரும்பகுதி இப்போது அந்த ஏரிக்கு அடியில். ஏரிக் கரைக்குப் பொதுமக்கள் போகத் தடை. குடிதண்ணீர் என்பதால் மூன்று கிலோமீற்றர் சுற்றிவரப் பாதுகாக்கப்பட்ட பிரதேசம். அணைக்குப் பக்கத்தில் பிக்னிக் மேசைகள் இருக்கின்றன, அங்கேயும் நாங்கள் புளிச்சாதம் சாப்பிட்டிருக்கிறோம்.

இரண்டு இடத்தையும் ஒரே தண்ணீர் இணைக்கிறது. கல்லியில் ஓடுகிற அந்தச் சின்ன ஓடை கட்டூம்பா நீர்வீழ்ச்சியாக விழுந்து, கெடும்பா ஆறாகி, புரகொராங் ஏரியில் சேருகிறது. ஏரித் தண்ணீர் வரகம்பாவிலிருந்து குழாயில் புறொஸ்பெக்ற் வந்து சுத்தமாகி, எங்கட வீட்டுப் பைப்பில் வருகிறது. பிள்ளைக்குப் பால் கரைக்கிறதும், நான் குசினியில் அரிசி களைகிறதும், முருகன் கோயிலில் அபிஷேகத்துக்கு எடுக்கிறதும் அந்தத் தண்ணியில்தான்.

இதை ஒரு பிறந்தநாள் வீட்டில் சொல்லப்போக, ஒரு அண்ணை கோபப்பட்டார். "தம்பி, நாங்கள் அடிபட்டு வந்து இப்பதான் கொஞ்சம் மூச்சு விடுறம். அவன்ர நாட்டுப் பழைய பிரச்சினைக்குள்ள எங்களை ஏன் இழுக்கிறாய்? பிள்ளையள் சந்தோசமாப் படம் எடுக்கட்டுமன்." அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. இந்த நிலத்தை நாங்கள் பறிக்கவில்லை. விசாவுக்கு இன்னும் காத்திருக்கிற எங்கட பெடியளுக்கு நாளைக்கு இங்கே இருப்பமா என்பதே தெரியாது. அவர்களிடம் போய் இந்த நாட்டுப் பாவத்தைச் சுமக்கச் சொல்லுவது அநியாயம்.

ஆனால் நான் வேறு ஒன்றைக் கேட்கிறேன். நான் வலிகாமம் வடக்கு ஆள். 1990இல் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது எனக்கு ஏழு வயது. பிறகு அது உயர் பாதுகாப்பு வலயமானது. சண்டை முடிந்து பதினைந்து வருஷம் தாண்டியும் காணிகள் பகுதி பகுதியாகத்தான் விடுபட்டன, முழுதாக இன்னும் இல்லை. இங்கே வேலைசெய்கிற இடத்தில் ஒருத்தன், விடுமுறைக்கு இலங்கை போனேன், கடற்கரை என்ன வடிவு என்று சொல்லிப் படம் காட்டுகிறபோது, அந்தக் கரையில் ஆர் இருந்தது என்று கேட்டு வந்தியா என்று என் வாய் உன்னும். எங்கட ஊர்ப் பெயரை அவன் தெரிந்திருக்க வேண்டுமென்று நாங்கள் ஊர்வலம் போகிறோம், துண்டுப்பிரசுரம் கொடுக்கிறோம். கல்லி என்கிற பெயரை நாங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டாமா?

2004இல், சமாதான காலத்தில், கம்பஸ் நண்பர்களோடு நுவரெலியா போனனான். ஹக்கல பூந்தோட்டம், தேயிலைச் சரிவில் நின்று படம், எல்லாம் உண்டு. அந்தச் சரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டு நின்ற அம்மாக்களின் சனத்துக்கு 1948இல் குடியுரிமை இல்லாமற் போனதை அந்தப் பயணத்தில் ஒருவரும் கதைக்கவில்லை. அங்கேயும் விக்ரோரியா அணை கட்ட பழைய தெல்தெனிய நகரம் தண்ணிக்குள் போனது. வடிவான இடம் எல்லாவற்றிலும் இப்படி ஒரு கணக்கு இருக்கும். ஆர் ரயில் பாதை வெட்டினது, ஆர் சலவை செய்தது, ஆர் எழும்பிப் போனது என்று.

போன தை விடுமுறையில் கல்லித் தகவல் பலகையை என் மூத்தவள் வாசித்துவிட்டு, "அப்பா, இவையும் திரும்பிப் போகேலாத ஆக்களோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். பிறகு அவளே, "ஆனா இவை தங்கட நாட்டுக்குள்ளயே இருக்கினம்" என்றாள். "அம்மம்மாவும் அப்பிடித்தானே இருந்தவ" என்றேன். அதுக்குப் பிறகு அவள் ஒன்றும் கேட்கவில்லை, தங்கச்சியோடு புல்லுக்குள் ஓடினாள்.

நல்ல செய்தியும் ஒன்று இருக்கிறது. வரகம்பா அணையை இன்னும் 14 மீற்றர் அளவுக்கு உயர்த்துகிற திட்டம் ஒன்று பல வருஷமாக இழுபட்டது. வெள்ளத் தடுப்புக்கு என்றார்கள். நேப்பியன் ஆற்றோரம் வெள்ளத்தில் வீடிழந்த சனத்துக்கு அது சின்ன விசயமில்லை. ஆனால் உயர்த்தினால் எஞ்சியிருக்கிற குண்டுங்குரா இடங்களும், 2000ஆம் ஆண்டு உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட காட்டின் ஒரு பகுதியும் வெள்ளத்தின்போது மூழ்கும். குண்டுங்குரா மக்கள் விடாமல் எதிர்த்தார்கள். 2023இல் மாநில அரசு திட்டத்தைக் கைவிட்டது.

ஆகவே அடுத்த தரம் போறவையளுக்கு ஒரு வேண்டுகோள். எக்கோ பொயின்றைப் பாருங்கோ, செங்குத்து ரயிலிலும் ஏறுங்கோ, பிள்ளையள் கத்தட்டும். கால் ஏலுமெண்டால் 1932இல் திறந்த, 900 படிக்குக் கிட்ட இருக்கிற அந்தப் பெரிய படிக்கட்டிலும் இறங்கிப் பாருங்கோ, ஏறுகிறதுதான் கஷ்டம். அது முடிய, காருக்குப் போக முதல் ஒரு மணித்தியாலம் கல்லிக்கு ஒதுக்குங்கோ. ஸ்ரேசனிலிருந்து நடக்கிற தூரம்தான். மழை பெய்தால் ஓடைப்பக்கம் சறுக்கும், நல்ல சப்பாத்துப் போடுங்கோ. குப்பையை அங்கே விடாதேயுங்கோ, அந்தத் தண்ணி எங்கட வீட்டுக்குத்தான் வருகிறது.